ஐப்பசிக்கு எழுத வேண்டியதை ஆடியிலேயே எழுது: ஒரு வத்தல் வீட்டின் காலண்டர்

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஜனவரியில் சுவரில் மாட்டப்போகும் காலண்டருக்கு ஆகஸ்ட்டிலேயே வேலை தொடங்கிவிடும். மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அந்த ஆல்பத்தைப் புரட்டி, முருகனா, லட்சுமியா என்று படம் தேர்ந்தெடுத்து, கடைப் பெயரையும் போன் நம்பரையும் அச்சடிக்கச் சொல்வார்கள். நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்க வீட்டில் யாராவது ஒருவர் தினமும் அந்தச் சுவர்ப் பக்கம் போவார். போகும்போதெல்லாம் கடையின் பெயரும் கண்ணில் படும். வீட்டுக்கு உதவுகிற ஒன்றைக் கொடுத்து, அதன் ஓரத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது பழைய வியாபார புத்தி.

அதே வேலையை இப்போது சின்னச் சின்ன வியாபாரங்களும் தங்கள் இணையதளத்தில் செய்யப் பார்க்கின்றன. பொருளைப் பற்றி, அதை வாங்குகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிப் போடுவது. எதை, எந்த மாதம், யார் எழுதுவது என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் அட்டவணைக்கு ‘கன்டென்ட் காலண்டர்’ என்று பெயர். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆள்கள் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்தில், ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு வத்தல் வியாபாரத்தில் இது மருமகளின் வேலை.

அத்தைக்கு 61 வயது. கணவர் இறந்த பிறகு, பக்கத்துத் தெருக்களுக்கு வத்தல் போட்டுக் கொடுக்கத் தொடங்கியவர். கூழ் வத்தல், ஜவ்வரிசி வத்தல், மோர் மிளகாய், சுண்டை வத்தல், மிதுக்க வத்தல், சீசனில் மாவடு. 2020 ஊரடங்கில் கடைகளுக்குப் போடுவது நின்றது. பி.காம் படித்த மருமகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்ப ஆரம்பித்தார். சென்னை, பெங்களூரு, கோவை என்று வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு சொந்தமாக ஒரு இணையதளம். எழுத்து வேலை அங்கேதான் தொடங்கியது.

முதல் ஆண்டு காலண்டர் எதுவும் கிடையாது. தோன்றியபோது எழுதினார். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு. அடுத்த மாதம் ஒன்று. சித்திரையில் எழுத விஷயம் கொட்டிக் கிடந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கூழ் கிண்டி, மொட்டைமாடியில் வேட்டி விரித்து ஊற்றி, காக்கை விரட்டி, சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்து முடித்தால், போனை எடுக்கவே கை வராது. தீபாவளி நேரத்தில் பார்சல் கட்டுவதற்கே நேரம் போதவில்லை. இணையதளம் நாலு மாதம் தூங்கியது.

அதைவிட மோசமானது ஆவணியில் நடந்தது. மிதுக்க வத்தல் பற்றி ஆசையாக ஒரு பதிவு எழுதினார். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் ஞாபகம் வந்துவிடும். பதிவு எந்தெந்தக் குடும்பக் குழுக்களிலோ சுற்றியது. இரண்டு நாளில் அறுபது பேருக்கு மேல் கேட்டார்கள். வீட்டில் இருந்தது நாலு கிலோ. “இல்லைன்னா எதுக்கு எழுதுறீங்க?” என்று ஒருவர் போனிலேயே சத்தம் போட்டார். அத்தையும் விடவில்லை. “இல்லாத சரக்கை என்னத்துக்குட்டி கூவுத?”

அடுத்த முறை திட்டம் போட்டுச் செய்யலாம் என்று ஒரு ஏஜென்சியிடம் கேட்டார். அழகான எக்செல் ஷீட் ஒன்று வந்தது. மாதத்துக்கு எட்டுப் பதிவுகள். பிப்ரவரி 14-க்கு இதய வடிவில் வத்தல். அக்டோபரில் உலகப் புன்னகை தினம். அதே அக்டோபரில் உலக முட்டை தினம் (சுத்த சைவ வத்தல் வீட்டுக்கு!). நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்துக்கு, ‘சர்க்கரையை விரட்டும் சுண்டைக்காய்’. அந்த ஷீட்டில் கடையின் பெயரை மாற்றிவிட்டால் செருப்புக் கடைக்கும் கொடுக்கலாம். ஆடி, புரட்டாசி, மழை, வெயில், மாவடு எதுவும் அதில் இல்லை.

மருமகள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அவர் செய்த காரியம்தான் சிறு வியாபாரம் செய்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியது. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, கடந்த ஒரு வருடத்து வாட்ஸ்அப் உரையாடல்களை முதலிலிருந்து படித்தார். ஆர்டரையும் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் தள்ளிவிட்டு, கேள்விகளை மட்டும் எழுதினார். பக்கத்திலேயே, கேட்ட மாதம். நாலு ராத்திரி ஆனது.

படித்து முடித்தபோது வத்தல் வாங்குகிறவர்களின் வருடம் அந்த நோட்டில் இருந்தது. ‘பொரிச்சா நடுவுல வெள்ளையா நிக்குது, பல்லுல ஒட்டுது’ என்ற புகார் முழுக்க ஐப்பசி, கார்த்திகையில். ஜூன், ஜூலையில், ‘பையன் ஹாஸ்டல் போறான், எத்தனை நாள் தாங்கும்?’, ‘லீவு முடிஞ்சு துபாய் கிளம்புறோம், எப்படி பேக் பண்ணுவீங்க?’. புரட்டாசி பிறந்தால், ‘இதுல வெங்காயம், பூண்டு இருக்கா?’. ஆவணியிலும் தையிலும் கல்யாண வீட்டுக்காரர்கள்: ‘எத்தனை இலைக்கு எத்தனை கிலோ?’. மாசியில் ஒரே கேள்வி, ‘மாவடு வந்தாச்சா?’

மழை மாதத்துக் கேள்விக்கு அத்தையிடம் பதில் தயாராக இருந்தது. ஈரக் காற்றில் வத்தல் நமுத்துப்போகும். உள்ளே ஈரம் இருந்தால் பொரியாது. “அரை மணி நேரம் வெயில் காட்டச் சொல்லு. வெயில் இல்லைன்னா வெறும் இருப்புச் சட்டியைச் சுட வச்சு, இறக்கி, அந்தச் சூட்டுல போட்டு எடுக்கச் சொல்லு. எண்ணெய் காயாமப் போட்டாலும் இதே கதைதான், எண்ணெயைக் குடிக்கும், பொரியாது.” நாலு வரி. இந்த நாலு வரியை மருமகள் ஒரு வருடத்தில் முப்பது பேருக்காவது தனித்தனியாக டைப் செய்திருக்கிறார். அட்டவணையில் முதலில் ஏறியது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஆண்டு அவர் ரொம்பவும் சிரமப்பட்டு எழுத நினைத்திருந்த தலைப்பு ‘வத்தலின் வரலாறு’. நோட்டில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.

அட்டவணை போட உட்கார்ந்தபோது அடுத்த சிக்கல் வந்தது: தேதி. மருமகள் ஜனவரி, பிப்ரவரி என்று பெட்டி கட்டினார். அத்தைக்கு அது சரிப்படவில்லை. அவர் கணக்கில் மாசி, பங்குனி, சித்திரை போடுகிற மாதங்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் இந்தப் பக்கமும் காற்று மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பவே முடியாது. ஆக, போடுகிற காலம் வேறு, விற்கிற காலம் வேறு. வெயிலில் போட்டது மழையில் விற்கும். சாரல் விழுந்தால்தான் ஊரில் எல்லோருக்கும் மொறுமொறுவென்று எதையாவது கடிக்கத் தோன்றும்.

இதனால் அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மாதங்கள் எழுத வேண்டியிருந்தது. படம் எடுக்கும் மாதம், பதிவு வெளியாகும் மாதம். மோர் மிளகாயைத் தயிரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, ராத்திரி மறுபடி தயிரில் போடுவதை ஐப்பசியில் போய்ப் படம் எடுக்க முடியாது. பங்குனியில் விட்டால் அடுத்த பங்குனிதான். பட்டுப்புடவைக் கடைக்கோ செல்போன் கடைக்கோ இந்தத் தொல்லை இல்லை. மாவில், பழத்தில், வெயிலில் தொழில் செய்கிறவர்கள் இந்த இரண்டு மாதக் கணக்கைப் போடாவிட்டால், எழுதும்போது காட்டப் படம் இருக்காது.

பண்டிகைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20, அதாவது ஐப்பசி 3. 2026-ல் நவம்பர் 8, ஐப்பசி 22. போன வருடத்து அட்டவணையை அப்படியே நகல் எடுத்திருந்தால், தீபாவளிப் பதிவு பல நாள் தள்ளிப் போயிருக்கும். ரம்ஜான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும். பொங்கலும் சித்திரை ஒன்றும்தான் பெரிதாக நகராதவை. டிசம்பர் கடைசியில் புது நாள்காட்டி கைக்கு வந்ததும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளைத் திருத்துவது இப்போது அந்த வீட்டில் ஒரு வேலை.

எவ்வளவு முன்னால் எழுதுவது? புதிய பக்கம் ஒன்றைப் போட்டால் கூகுள் அதைக் கண்டுபிடித்து, தன் பட்டியலில் சேர்த்து, தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி காட்ட நாள்கள் ஆகும். சில சமயம் வாரங்களும் ஆகும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எழுதிய பதிவு, தீபாவளி முடிந்த பிறகு ஊர் வந்து சேரும். அதனால் ஐப்பசிப் பதிவு ஆடியில் எழுதப்பட்டு, ஆவணிக் கடைசியில் வெளியாகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாண ஆர்டரும் இல்லை. அந்த வீட்டில் எழுத உகந்த மாதம் அதுதான்.

இன்னொன்று, பக்கத்தின் இணைய முகவரியில் ஆண்டைப் போடுவதில்லை. முதல் ஆண்டு அப்படிப் போட்டு எழுதிய பதிவு அடுத்த ஆண்டு பழைய காலண்டர் தாள் மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒரே பக்கம், வருடா வருடம் திருத்தம். புதிதாக எழுதுவதில் பாதி உழைப்பு மிச்சம்.

இத்தனையும் நோட்டுக்கு வந்தபோது அத்தை ஒரு நாள் கேட்டார். “எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டா, பிறகு யாரு வாங்குவா?”

மருமகளிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி அது. கூழில் உப்பைக் குறைவாகப் போட வேண்டும், காய்ந்தால் உப்பு ஏறிவிடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். ஆனால், எத்தனை நாள் ஊறிய அரிசி, கூழ் எந்தப் பதத்தில் இறங்க வேண்டும், மோர் மிளகாய்க்குத் தயிர் எவ்வளவு புளித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அத்தையின் கையில் இருக்கிற சொத்து. அந்தச் சொத்தில்தான் மகன் படித்தான், வீட்டுக் கடன் அடைந்தது. அதை ஊருக்குச் சும்மா கொடு என்று எந்த மருமகளும் சொல்லிவிட முடியாது. இணையத்தில் ‘வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள், நம்பிக்கை வளரும்’ என்று பாடம் எடுப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பேச்சு அப்படியே நின்றிருக்கும். மாசியில் அத்தைக்கு வலது தோள் இறுகிப் போனது. கை தலைக்கு மேல் தூக்க வரவில்லை. அச்சுக்குழலைப் பிழிய முடியவில்லை. டாக்டர் மாதக்கணக்கில் ஆகும் என்றார். வேலைக்கு வருகிற மூன்று பெண்களும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால், கூழின் பதம் பார்ப்பது எப்போதும் அத்தை. அவர் ஒரு நாற்காலி போட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் விடு”, “போதும்”, “கரண்டியைத் தூக்கிக் காட்டு” என்று சொல்லச் சொல்ல, மற்றவர்கள் செய்தார்கள். முதல் இரண்டு ஈடு வீணானது. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்றைக்கும் அளந்ததில்லை.

மருமகள் அன்றிலிருந்து அளக்க ஆரம்பித்தார். அத்தை “போதும்” என்ற இடத்தில் பாத்திரத்தை எடை போட்டு எழுதினார். போனில் வீடியோ எடுத்தார். இணையதளத்துக்காக வைத்திருந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து, யாருக்கும் காட்டாத இன்னொரு நோட்டு வளர்ந்தது. முன்பக்கம் வாடிக்கையாளர்களுக்கு, பின்பக்கம் வீட்டுக்கு.

எது எந்தப் பக்கம் என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். பொரிப்பது, பாதுகாப்பது, எந்தக் குழம்போடு எது சேரும், நமுத்தால் என்ன செய்வது எல்லாம் முன்பக்கம். மோர் மிளகாயின் தயிர்க் கணக்கும் மாவடுவின் உப்புக் கணக்கும் பின்பக்கம். கூழ் வத்தல் செய்முறை மட்டும் நாலு நாள் இழுபறி. கடைசியில் அத்தையே சொன்னார். “எழுதிப் போடு. மொட்டைமாடி இல்லாதவங்கதானே நம்மகிட்ட வாங்குதாங்க. படிச்சாலும் எங்க போய் ஊத்துவாங்க?” அந்தப் பதிவுதான் இன்றுவரை அந்தத் தளத்தில் அதிகம் படிக்கப்படுவது. படித்தவர்களில் எத்தனை பேர் வத்தல் போட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மருமகள் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. அத்தைக்கும் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை.

அட்டவணை இப்போது கூகுள் ஷீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டே பதிவுகள். ஏஜென்சி சொன்ன எட்டைக் கேட்டால் மருமகள் சிரிக்கிறார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களும், சித்திரையில் வத்தல் ஊற்றும் நாள்களும் வேண்டுமென்றே காலி. காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் சமாளிக்க, எந்த மாதத்துக்கும் பொருந்துகிற மாதிரி மூன்று பதிவுகள் எழுதித் தயாராக இருக்கின்றன. பருப்புப் பொடி சாதத்துக்கு எந்த வத்தல் என்பது மாதிரி.

ஷீட்டில் வழக்கமான கட்டங்கள்தான்: தலைப்பு, யார் கேட்ட கேள்வி, படம் எடுத்தாச்சா, வெளியாகும் தேதி. கூடுதலாக, அவரே சேர்த்த ஒரு கட்டம், ‘இருப்பு’. அதில் கிலோ எழுதாமல் எந்தப் பதிவும் வெளியே போகாது. இருப்பு குறைவு என்றால் அந்தப் பதிவின் கடைசியில், ‘இந்த வருடம் இவ்வளவுதான், அடுத்தது பங்குனியில்’ என்று ஒரு வரி. மிதுக்க வத்தல் கொடுத்த பாடம் அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

சர்க்கரையை விரட்டும் சுண்டைக்காய் மட்டும் எந்த மாதத்திலும் இடம்பெறவில்லை. பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். உணவுப் பொருள் விளம்பரங்களுக்கும் அதில் சொல்லும் உரிமைகோரல்களுக்கும் 2018-லேயே தனி விதிமுறைகள் வந்துவிட்டன. நோயைக் குணமாக்கும் என்று உணவை விற்க முடியாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஒருவர், ‘எங்க அப்பாவுக்கு சுகர், மாத்திரைக்குப் பதில் சுண்டை வத்தல் போதுமா?’ என்று உண்மையிலேயே கேட்டிருந்தார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி மருமகளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ‘மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. வத்தல்ல உப்பு அதிகம், அதையும் சொல்லுங்க’ என்று பதில் அனுப்பினார். பிறகு அதையே ஒரு பதிவாக, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வத்தலை எப்படி அளவோடு சாப்பிடுவது என்று எழுதினார். விற்பனைக்கு உதவாத பதிவு அது. அட்டவணையில் கார்த்திகையில் இருக்கிறது.

வெளிநாட்டுக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதால், எப்படிக் காற்றுப் புகாமல் கட்டுவது என்பதை மட்டும் எழுதினார். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கியதும் கையில் உள்ள உணவுப் பொருளைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. அது மே மாதப் பதிவு.

இந்த ஆடியிலும் மருமகள் ஐப்பசிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அத்தையின் கை பாதி உயரம் வரை தூக்க வருகிறது. போன வாரம் ஷீட்டை லேப்டாப்பில் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தை மாதத்தில் விரலை வைத்தார்.

“இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மாவடுக்காரருக்கு இப்பவே சொல்லி வைக்கணும்னு எழுது. மாசியில போய்க் கேட்டா நல்லதெல்லாம் வேற ஆளு தூக்கிட்டுப் போயிருவான்.”

“அத்தை, இது வாடிக்கையாளர்களுக்கு எழுதுறதுக்கான லிஸ்ட்.”

“எழுதுறதுக்குத்தான் சொல்லுதேன். காயே இல்லைன்னா என்னத்தை எழுதுவ?”

மருமகள் ஒரு கட்டம் சேர்த்தார். மஞ்சள் நிறம். ‘மாவடு, முன்பணம்’.